மாசிலாமணியின் தழும்பு

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்துள்ள வடதிருமுல்லைவாயில் திருத்தலத்தில், மாசிலாமணீஸ்வரர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே காட்சி தருகிறார். சித்திரைச் சதயத்தை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை பழைய காப்புக் களையப்படும்போதுதான் காப்பில்லாத திருமேனியைத் தரிசிக்கும் பேறு அடியார்களுக்குக் கிட்டுகிறது. அத்திருமேனியில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு.

குறும்பர்களை எதிர்த்துப் போரிட வந்த தொண்டைமானின் யானை, இங்கே முல்லைக் கொடிகளில் கால் சிக்கி நின்றது. கொடிகளை அறுக்க மன்னன் வீசிய வாள், அடியில் மறைந்திருந்த சிவலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி பெருகியது. பதறிய மன்னன் தன் கழுத்தையே அறுக்கத் துணிந்தபோது, பெருமான் உமையவளோடு விடைமேல் தோன்றித் தடுத்தாட்கொண்டார். வெட்டுப்பட்டாலும் தாம் மாசில்லாத மணியே என்று அருளி, நந்தியெம்பெருமானை மன்னனுக்குத் துணையாக அனுப்பினார். அதனால்தான் இத்தலத்து நந்தி இறைவனை நோக்காமல் எதிர்த்திசை நோக்கி இருக்கிறது என்று தலவரலாறு கூறும். குறும்பரை வென்று மன்னன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந் தூண்கள் சந்நிதி முன்பு இன்றும் நிற்கின்றன.

தழும்பைத் தாங்கிய திருமேனிக்கு மாசில்லாத மணி என்பது திருநாமம். இந்தக் கருத்து இன்றைய இல்லங்களில் மிகவும் தேவைப்படுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளில், பதினைந்து பதினாறு வயதுப் பேரப்பிள்ளைகள் பலர் கண்ணாடியின் முன் கலங்கி நிற்கிறார்கள். கன்னத்திலும் நெற்றியிலும் பருக்கள் கிளம்பியதும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வர மறுக்கிறார்கள்; பிரதோஷத்துக்கு அழைத்தாலும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு தூணின் ஓரமாக நிற்கிறார்கள். பெரியவர்களோ, “வயதுக் கோளாறு, தானே போகும்” என்பார்கள். “சூட்டு உடம்பு” என்பார்கள். “ஒரு கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்பார்கள். அன்பினால் சொல்லப்படும் இச்சொற்களில், தானே போகும் என்பது பாதி உண்மை. பருக்கள் பெரும்பாலும் காலப்போக்கில் அடங்கும். ஆனால், அடங்கும் முன் அவற்றுள் சில விட்டுச்செல்லும் பள்ளங்கள் தாமாகப் போவதில்லை. தழும்பு வராமல் காப்பது எளிது, வந்த தழும்பைக் குறைப்பது அரிது, முற்றிலும் அழிப்பது பெரும்பாலும் இயலாதது. சிறு கடனை உரிய காலத்தில் அடைக்காதவர் பின்னர் வட்டியோடு வருந்துவதைப் போன்றது இது.

அன்றைய முகங்களும் இன்றைய முகங்களும்

இன்று எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு முகத்தழும்பு புதியதன்று. பெரியம்மை கண்டு பிழைத்தவர்களின் குழிவிழுந்த முகங்களை அவர்கள் தம் வீட்டிலும் தெருவிலும் கண்டு வளர்ந்தார்கள். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, திருவேற்காட்டுக் கருமாரியம்மனையும் ஊர் மாரியம்மனையும் வேண்டிக்கொண்டு, உயிர் மிஞ்சினால் போதும் என்றிருந்த காலம் அது. தடுப்பூசி இயக்கத்தின் பயனாக இந்தியாவில் 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு பெரியம்மை ஓய்ந்தது. 1977-இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் குழு உறுதி செய்தது. அக்காலத்து அம்மைத் தழும்புக்குப் பரிகாரம் ஏதும் இல்லை. அதனால், முகத்தில் வந்ததைப் பொறுத்துக்கொள்வதே வழி என்னும் எண்ணம் அத்தலைமுறையின் மனத்தில் ஊன்றிவிட்டது. இன்றைய பருவுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. உரிய மருந்து இருக்கிறது. அது அரசு மருத்துவமனை வரையில் எட்டியும் இருக்கிறது.

பரு எவ்வாறு உண்டாகிறது?

தோலின் ஒவ்வொரு மயிர்க்காலுக்கு அருகிலும் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. பருவ வயதில் உடலில் பெருகும் ஹார்மோன்கள் இச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுந்த எண்ணெயும், உதிர வேண்டிய தோல் செல்களும் சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. அடைப்பு மூடியிருந்தால் வெண்முள், திறந்திருந்தால் கருமுள். கருமுள்ளின் கருமை அழுக்கால் வருவதன்று. எத்தனை முறை சோப்பால் தேய்த்தாலும் அது போகாது. அடைபட்ட எண்ணெயில், தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகை பாக்டீரியா பெருகும்போது, உடல் அதனை எதிர்த்துப் போராடுகிறது. சிவந்து வீங்கிச் சீழ் கோத்த பரு அப்போராட்டத்தின் விளைவு. போராட்டம் தோலின் ஆழத்தில் நிகழ்ந்தால் வலியுள்ள கட்டிகள் தோன்றும். அங்கே தோலைத் தாங்கும் கொலாஜன் என்னும் இழைகள் சிதைகின்றன. பள்ளத் தழும்பின் பிறப்பிடம் அதுவே.

ஆகவே பரு, அழுக்கின் அடையாளமும் அன்று. ஒழுக்கக் குறைவின் அடையாளமும் அன்று. கிரக தோஷமும் அன்று. திருமணத்தால் தீர்வதும் அன்று. பெற்றோருக்குக் கடுமையான பரு இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் அவ்வாறு வரும் வாய்ப்பு மிகுதி. பெண்களுக்குப் பருவோடு மாதவிலக்குத் தவறுதல், முகத்தில் முடி வளர்தல் ஆகியவை சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டித் தொல்லை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உடற்பயிற்சிக் கூடங்களில் சதை வளர்க்க விற்கப்படும் சில பொடிகளும் ஊசிகளும் இளைஞர்களுக்குப் பருவைப் பெருக்கக்கூடும்.

செய்யக் கூடாதவை

முதலாவது, கிள்ளுவதும் பிதுக்குவதும். நகம் பட்ட பரு உள்நோக்கி வெடித்து ஆழமான தழும்பாகிறது. வீட்டுப் பெரியவர்களே பாசத்தோடு பேத்தியின் முகத்தைப் பிடித்துப் பிதுக்கிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதனை அறவே விடுதல் நலம்.

இரண்டாவது, பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா ஆகியவற்றை முகத்தில் பூசுவது. இவை தோலை எரித்துக் கறுப்பாக்கும். கஸ்தூரி மஞ்சளும், அரைத்த வேப்பிலையும், சந்தனமும் லேசான பருவுக்குச் சிலருக்கு இதமளிக்கலாம். ஆயினும் கட்டிப் பருவுக்கு அவற்றை மட்டும் நம்பி மாதங்களைக் கழிப்பது தழும்புக்கு இடம்தருவதாகும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் கொடியது, மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ‘சிவப்பழகு’க் களிம்புகள். இவற்றுள் பலவற்றில் பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்துள்ளன. பூசிய சில நாட்களில் முகம் தெளிந்து வெளுப்பதால், மருந்து நன்கு வேலை செய்வதாகத் தோன்றும். அண்டை வீட்டுக்கும் அதன் பெயர் பரவும். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். முகத்தில் முடி வளரும். பரு முன்னிலும் பெருகும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பன்மடங்காவதால் மீண்டும் அதையே நாட நேரும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்ன பிறகு, 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை என்னும் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் கேட்டால் கிடைக்கும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. வீட்டில் எவரேனும் நீண்ட நாட்களாக இத்தகைய களிம்பைப் பூசிவந்தால், அதனைத் திடீரென நிறுத்தாமல், குழாயை எடுத்துச் சென்று தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொற்படி விடுவிப்பதே முறை.

சிகிச்சையின் படிகள்

வெண்முள், கருமுள் அளவில் உள்ள லேசான பருவுக்குப் பூச்சு மருந்தே போதும். அடாபலின், ட்ரெட்டினாயின் போன்ற களிம்புகள் மயிர்க்கால் அடைப்பைத் திறக்கின்றன. இவற்றை இரவில், பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டுமின்றிப் பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் சில வாரங்களில் தோல் உரிந்து எரிவதைக் கண்டு, ஒவ்வாமை என்று கைவிடுவோர் பலர். மருத்துவரிடம் சொன்னால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசச் சொல்லியோ வேறு வகையிலோ அதனைத் தணிப்பார். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவை அழிக்கிறது. துணியில் பட்டால் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் பட்டுப் புடவைக்கும் தலையணை உறைக்கும் கவனம் தேவை.

சிவந்து சீழ்கட்டிய பருக்கள் மிகுந்தால் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைச் சில மாதங்களுக்கு மட்டும் கொடுப்பதுண்டு. இவற்றை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடும். ஹார்மோன் மாறுபாடு உள்ள பெண்களுக்கு அதற்குரிய மாத்திரைகள் தனியே உண்டு.

ஆழ்ந்த கட்டிகளுக்கும், தழும்பு விழத் தொடங்கிய முகத்துக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை மிகுந்த பயனளிக்கிறது. 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கச் செய்வதால், பலருக்குப் பரு மீண்டும் வருவதில்லை. உதடு வறண்டு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் நேரும். ஈரல், கொழுப்பு ஆகியவற்றை அறிய இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

இம்மருந்தைப் பற்றிக் குடும்பப் பெரியவர்கள் மறவாது மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கருவுற்றிருக்கும்போது இதனை உட்கொண்டால் சிசுவுக்குக் கடுமையான பிறவிக் குறைகள் உண்டாகும். உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருவுறுதல் கூடாது. முகூர்த்தம் குறித்த பிறகு, “கல்யாணத்துக்குள் முகம் தெளிய வேண்டும்” என்று அவசரப்பட்டு, திருமணச் செய்தியை மருத்துவரிடம் மறைத்து இம்மாத்திரையைத் தொடங்குவது பெருந்தவறு. நிச்சயதார்த்தம் ஆகியிருந்தால் அதனை முதலிலேயே சொல்லிவிடுவது பெண்ணுக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் காப்பு.

எந்த மருந்தாயினும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஒரு மண்டலம் விரதம் இருக்கும் பொறுமை உள்ள குடும்பங்களுக்கு, இரண்டு மண்டலம் மருந்து பூசும் பொறுமை அரிதன்று.

உணவும் எண்ணெய்க் குளியலும் குங்குமமும்

இனிப்பும் மைதாப் பண்டங்களும் மிகுந்த உணவு சிலருக்குப் பருவைப் பெருக்குகிறது; பாலும் சிலரிடம் அவ்வாறே செய்கிறது. கடலையும் மாம்பழமும் எல்லோருக்கும் ஆகாதவை என்பதற்கில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டியதில்லை; எண்ணெய் நெற்றியிலும் கன்னத்திலும் தங்காதபடி சீயக்காய் தேய்த்து அலசினால் போதும். தலைக்கு நாள்தோறும் வழிய வழிய எண்ணெய் வைப்பதால் நெற்றி ஓரத்தில் பரு வருவதுண்டு. சாயம் கலந்த மலிவான குங்குமம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி நெற்றியில் கறுப்பு மறுவை விடுகிறது. மஞ்சளிலிருந்து செய்த நல்ல குங்குமமே நெற்றிக்கு உகந்தது.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உடையோர், அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையையோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தையோ நாடலாம். விளம்பரத்தைக் கண்டு வாங்கும் பெயர் தெரியாத பொடிக்கும், பயின்ற சித்த மருத்துவர் தரும் மருந்துக்கும் வேற்றுமை உண்டு.

விழுந்துவிட்ட தழும்புக்கு

பரு ஆறிய இடத்தில் தோன்றும் கரும்புள்ளி தழும்பு அன்று. நம் நாட்டு மாநிறத் தோலில் அது இயல்பு. வெயிலைத் தவிர்த்து, சன்ஸ்கிரீன் பூசிவந்தால் மாதங்களில் மங்கும். தோல் குழிந்திருந்தால்தான் அது பள்ளத் தழும்பு. அதற்குரிய சிகிச்சையைப் புதிய பருக்கள் அடங்கிய பிறகே தொடங்குவார்கள்.

ஊசி குத்தியதுபோல் குறுகி ஆழ்ந்த குழிகளுக்கு, வீரியமான அமிலத்தை ஒவ்வொரு குழியிலும் புள்ளியாக வைக்கும் முறை உண்டு. அடியில் நார் இழுத்துப் பிடித்திருக்கும் அகன்ற பள்ளங்களுக்கு, மெல்லிய ஊசியைத் தோலுக்குக் கீழே செலுத்தி அந்நாரை அறுத்து விடுவிப்பார்கள். நுண்ணூசிகளால் தோலைத் துளைத்துப் புதிய கொலாஜனை வளரச் செய்வது மைக்ரோ நீட்லிங். மாநிறத் தோலுக்கு இது ஓரளவு பாதுகாப்பானது. லேசர் முறையும் பயன் தரும். ஆயினும் நம் தோலில் அது கறுப்பை விடக்கூடும் என்பதால் அனுபவமுள்ள மருத்துவர் கையிலேயே செய்துகொள்ள வேண்டும். தாடையிலும் மார்பிலும் தோளிலும் தடித்துப் புடைக்கும் கெலாய்டு என்னும் தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே செலுத்துவார்கள். தானாக வாங்கிப் பூசினால் முகத்தைக் கெடுக்கும் அதே மருந்து, அறிந்தவர் கையில் தழும்பைத் தணிக்கிறது.

இவை பெரும்பாலும் ஒரே முறையில் முடிவன அல்ல. சில வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். தழும்பு குறையும், பிறந்த குழந்தையின் தோல் திரும்பாது. “நூறு சதவீதம் நீக்கித் தருவோம்” என்று முன்பணம் கேட்கும் அழகு நிலையங்களிடம் எச்சரிக்கை தேவை. அமர்வு ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை அமர்வு, செய்பவர் தோல் மருத்துவரா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பிறகே பணம் செலுத்துவது அறிவுடைமை.

செலவை எண்ணித் தயங்குவோர்க்கும் வழி உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரிந்து இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்போரின் பிள்ளைகள் அத்திட்டத்தின் வழியாகவே சிகிச்சை பெறலாம். பூந்தமல்லிப் பக்கத்தவர்க்குப் போரூரிலும் வேலப்பன்சாவடியிலும் தண்டலத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

வேண்டுதலும் மருந்தும்

சாமியை வேண்டிக்கொண்டால் போதாதா, மருந்தும் வேண்டுமா என்று கேட்போர் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. திருவொற்றியூர் எல்லையில் கண்ணொளி இழந்த அவர், வழியில் இதே திருமுல்லைவாயிலில் பதிகம் பாடித் தம் துயரை முறையிட்டார். பின்னர் அவர் திருமேனியில் பிணி தோன்றியது. மயிலாடுதுறையை அடுத்த குத்தாலம் எனப்படும் திருத்துருத்தியில், பெருமான் அப்பிணியை ஒரு பார்வையால் போக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், கோயிலின் வடபால் உள்ள குளத்தில் நீராடுமாறு பணித்தார். நாயனார் நீராடினார், பிணி தீர்ந்தது. தம் தோழருக்கே செய்ய வேண்டிய செயலைக் காட்டித்தான் இறைவன் நோய் தீர்த்தார். மருத்துவர் சீட்டைக் கையில் வாங்குவது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

இதில் தாத்தா பாட்டிகளுக்கு உரிய கடமை இரண்டு. கட்டியாகவோ வலியோடோ பரு வந்தால், அல்லது ஒரு சிறு பள்ளமேனும் தென்பட்டால், காத்திராமல் பெற்றோரை நச்சரித்தாவது பிள்ளையைத் தோல் மருத்துவரிடம் அனுப்புவது ஒன்று. வீட்டுக்கு வந்த விருந்தினர் முன் “முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது?” என்று கேளாதிருப்பது மற்றொன்று. பருவைக் காட்டிலும் அக்கேள்விக்கு அஞ்சியே பல பிள்ளைகள் அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். உணவு குறைந்து, உறக்கம் கெட்டு, எவரோடும் பேசாதிருக்கும் பிள்ளையின் மனநிலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பெண் பார்க்கச் செல்லும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். கன்னத்துக் குழியைக் காரணம் காட்டி, படித்துப் பண்போடு வளர்ந்த ஒரு பெண்ணை வேண்டாம் என்று எழுந்து வருபவர்கள், அடுத்த வெள்ளியன்று கோயிலுக்குப் போய் வெட்டுத் தழும்புடைய இறைவனை ‘மாசிலாமணியே’ என்று கைகூப்பி அழைப்பதில் பொருளில்லை. சந்நிதியில் சொல்லும் அத்திருநாமத்தை வீட்டுக் கூடத்திலும் நினைவில் வைத்திருந்தால் பல பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடப்பார்கள். கொடியிடை நாயகி உடனுறை மாசிலாமணீஸ்வரர் அதற்கு அருள் புரிவாராக.